60 சதவீதத்தில் ஜிபி பயிற்சி: நடைமுறையில் கற்றுக்கொண்டவை

இங்கிலாந்தில் ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர் ஆவதற்கான பயிற்சியைப் பகுதி நேரமாகச் செய்வது பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கவலை, "பயிற்சி இழுத்துக்கொண்டே போகுமே?" என்பதுதான். ஆமாம், போகும். முழுநேரமாகச் செய்தால் 3 ஆண்டு. 80 சதவீதம் என்றால் 3 ஆண்டு 9 மாதம், 60 சதவீதம் என்றால் 5 ஆண்டு, 50 சதவீதம் என்றால் 6 ஆண்டு. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது நான் 60 சதவீதத்துக்கு மாறினேன். கடைசி வரை அதிலேயே இருந்து பயிற்சியை முடித்தேன்.

அந்தக் கூடுதல் மாதங்களை நான் இழப்பாக நினைக்கவில்லை. குடும்ப மருத்துவம் கற்பவருக்குக் காலண்டரில் அதிக மாதங்கள் கிடைப்பது நேரடியான லாபம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த லாபம் தானாகக் கைக்கு வராது. வேலை செய்யும் நாள்களைவிட, நாம் இல்லாத நாள்களைத்தான் கவனமாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் லாபத்தைச் சொல்கிறேன். எஸ்டி3 என்னும் கடைசிக் கட்டத்தை முழுநேர டிரெயினி (பயிற்சி மருத்துவர்) ஒரு சர்ஜரியில், அதாவது ஜிபி கிளினிக்கில், 12 மாதம் செய்வார். 60 சதவீதத்தில் அது 20 மாதம். நான் அந்த சர்ஜரிக்குப் போன புதிதில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். காலையில் எழுந்தால் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை, கட்டிலை விட்டு எழவே வெகுநேரம் ஆகிறது என்றார். தோளிலும் இடுப்பிலும் வலியும் இறுக்கமும் தரும் பாலிமயால்ஜியா ருமேட்டிகா. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 15 மில்லிகிராம் தொடங்கினோம். சில நாளிலேயே கை தூக்க முடிந்தது. பயிற்சியில் இருக்கும் பெரும்பாலான மருத்துவர்களுக்கு இந்தக் கதை இங்கேயே முடிந்துவிடும்: நோயைக் கண்டுபிடித்தோம், மருந்து வேலை செய்தது, சரி.

ஆனால் இந்த நோய்க்கான சிகிச்சை பொதுவாக ஓரிரு ஆண்டு நீளும். 15-இலிருந்து 12.5, அப்புறம் 10, அதற்குப் பிறகு ஒவ்வொரு மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். 7-இலிருந்து 6-க்கு இறக்கியபோது அவருக்குத் தோள்வலி திரும்பி வந்தது. இது நோய் திரும்பியதா, வயதின் தோள்வலியா, ஸ்டீராய்டு குறைந்ததை உடல் உணர்வதா? அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை பார்த்து, தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, 7-க்கே திரும்பி, பிறகு இன்னும் மெதுவாக இறக்கினோம். இடையில் எலும்புக்கான மாத்திரை, சர்க்கரைப் பரிசோதனை, காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்பதை விளக்குவது, ஸ்டீராய்டு அவசர அட்டையைப் பையில் வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது, எல்லாம் இருந்தன. நான் அந்த சர்ஜரியை விட்டுக் கிளம்பும்போது 2 மில்லிகிராமில் இருந்தார். 12 மாதத்தில் கிளம்பியிருந்தால் அந்தக் கடைசி இறக்கத்தின் பாடு எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதன் பலன் வெறும் மனநிறைவு மட்டுமல்ல. நார்வேயில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. ஒரே ஜிபியிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை ஓராண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களிடம் அவசர மருத்துவமனை அனுமதியும் இறப்பும் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவாக இருந்தன. டிரெயினிக்கு 15 ஆண்டு கிடைக்காது. ஆனால் 20 மாதம் கிடைத்தால் தொடர்ச்சி என்பது எப்படிப்பட்ட வேலை என்றாவது பிடிபடும்.

சரி, இப்போது அந்தத் தொடர்ச்சியைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் இரண்டு வேலை நாள் நாம் இல்லை. அந்த நாள்களிலும் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும், மருத்துவமனைக் கடிதங்கள் வரும், நாம் பார்த்த நோயாளி போன் செய்வார். இதற்கு ஏற்பாடு இல்லாத சர்ஜரியில் பகுதி நேர டிரெயினி வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிடுவார். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனாலும் நான் அதை முழுமூச்சாக எதிர்க்கிறேன். அது சம்பளமில்லாத வேலை என்பது ஒரு பக்கம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒரு பொட்டாசியம் முடிவைப் பார்ப்பது நோயாளிக்குப் பாதுகாப்பானதல்ல என்பது அதைவிடப் பெரிய பக்கம். வேலையில் இல்லாத ஒருவர் எப்படியும் பார்த்துவிடுவார் என்று நம்பி நடக்கும் ஏற்பாடு, அவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே உடைந்துவிடும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே டிரெயினரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "நான் இல்லாத நாளில் என் முடிவுகளை யார் பார்ப்பார்கள்? பெயர் சொல்லுங்கள்." "யாராவது பார்ப்பார்கள்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எங்கள் சர்ஜரியில் இருவரை ஜோடியாகப் போட்டார்கள். நான் இல்லாத நாளில் என் ஜோடி என் இன்பாக்ஸைப் பார்ப்பார். அவர் இல்லாத நாளில் அவருடையதை நான் பார்ப்பேன், டிரெயினரின் மேற்பார்வையோடு.

அடுத்தது, எழுதி வைக்கும் முறை. "ரத்தப் பரிசோதனை அனுப்பியுள்ளேன், பார்க்கவும்" என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்றைக் கூட்டியபோது நான் எழுதுவது இப்படி இருக்கும்: "ராமிப்ரில் அளவைக் கூட்டி இரண்டு வாரம் ஆகிறது. சிறுநீரகப் பரிசோதனை அனுப்பியிருக்கிறேன். முன்பிருந்த கிரியாட்டினின் பதிவில் உள்ளது. பொட்டாசியம் 6-ஐத் தொட்டால் மாத்திரையை நிறுத்தி இன்றே அழைக்க வேண்டும். காது கேட்காது, மகளின் எண்ணுக்கு அழைக்கவும், நோயாளியின் சம்மதம் பதிவில் இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே பேசுகிறேன்." ஏன் பரிசோதித்தோம், எந்த எண்ணில் என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும், நான் எப்போது திரும்புவேன். இந்த நான்கும் இருந்தால் போதும். இதை எழுதப் பழகியது எனக்குத் தேர்விலும் உதவியது. அடுத்தவருக்குப் புரியும்படி எழுத வேண்டுமென்றால் திட்டம் முதலில் நம் தலையில் தெளிவாக இருக்க வேண்டும்.

அவசரமில்லாத பரிசோதனைகளை, முடிவு நாம் இருக்கும் நாளில் வருகிற மாதிரி அனுப்புவதும் ஒரு பழக்கம். கூடவே ஒரு சின்ன விஷயம்: மாதிரிகளை எடுத்துப்போகும் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போன பிறகு எடுத்த ரத்தம் இரவெல்லாம் கிடந்தால் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, முடிவு பொய்யாக உயர்ந்து காட்டும். அப்புறம் நீங்கள் இல்லாத நாளில் உங்கள் ஜோடி பதறிக்கொண்டு நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். காலையில் எடுக்கச் சொன்னால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

எந்த நாள்களில் வேலை செய்வது என்பதுதான் அடுத்த பெரிய முடிவு. எனக்கு முன்னால் பகுதி நேரமாகப் பயிற்சி முடித்த ஒரு அக்கா, "சதவீதத்தைப் பற்றியே யோசிக்காதே தங்கச்சி, நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது" என்றார். எங்கள் குழுவின் வாராந்திர வகுப்பு புதன்கிழமை மதியம். அதனால் புதன் நிச்சயம். பலரும் அதோடு சேர்த்து செவ்வாய், வியாழன் என்று மூன்று நாளைத் தொடர்ச்சியாக எடுக்கிறார்கள். நான்கு நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் சர்ஜரி திறந்திருக்கும், நாம் இருக்க மாட்டோம். நான் செவ்வாய், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டேன். இதில் சர்ஜரி திறந்திருந்தும் நான் இல்லாத நாள் சேர்ந்தாற்போல் ஒன்றுக்கு மேல் வராது. நோயாளியிடம் "நாளை மறுநாள் பேசுகிறேன்" என்று தைரியமாகச் சொல்லலாம். நுரையீரல் தொற்றோ, குழந்தையின் காய்ச்சலோ, அந்த இரண்டாம் பார்வையில்தான் நாம் முதல் நாள் நினைத்தது சரியா என்று தெரிகிறது.

திங்கட்கிழமை வேலை செய்யாததில் ஒரு குறை உண்டு. வாரத்தின் பரபரப்பான நாள் அதுதான். வார இறுதியில் சேர்ந்தவை எல்லாம் காலை எட்டு மணிக்குப் போனில் வந்து குவியும். அதைப் பார்க்காமல் பயிற்சியை முடிக்கக் கூடாது என்று டிரெயினர் நினைத்தார், எனக்கும் அது சரியாகவே பட்டது. கடைசி ஆண்டில் முன்கூட்டியே சொல்லி, சில வாரங்களில் செவ்வாயைத் திங்களாக மாற்றிக்கொண்டு அன்றைய அவசர அழைப்புகளைப் பார்க்கும் டியூட்டி டாக்டரோடு உட்கார்ந்தேன். வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இருந்ததால் முடிந்தது. எல்லோருக்கும் முடியாது, அதனால் முடிந்தால் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிபி சர்ஜரியில் முழுநேர வாரம் 10 செஷன், ஒரு செஷன் 4 மணி நேரம். அதில் 7 நோயாளி பார்ப்பதற்கு, 3 கல்விக்கு. 60 சதவீதத்தில் 6 செஷன் என்றால் 4.2 நோயாளிக்கு, 1.8 கல்விக்கு. இந்தப் பின்னத்தை யாரும் அட்டவணையில் போட முடியாது. விட்டுவிட்டால் கல்விப் பங்குதான் சத்தமில்லாமல் கரையும். ஐந்து வார அட்டவணையாகக் கேளுங்கள்: 30 செஷனில் 21 நோயாளிக்கு, 9 கல்விக்கு. கணக்கு முழு எண்ணில் முடிந்துவிடும். சர்ஜரியை நிர்வகிக்கும் பிராக்டிஸ் மேனேஜரும் மறுக்க மாட்டார்.

விடுப்புக் கணக்கிலும் இதே மாதிரி சிக்கல் உண்டு. அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் முதல் 5 ஆண்டு வரை ஆண்டு விடுப்பு 27 நாள், பேங்க் ஹாலிடே என்னும் பொது விடுமுறை 8 நாள், ஆக 35. அதில் 60 சதவீதம் 21 நாள், 8 மணி நேர நாளாகப் பார்த்தால் 168 மணி நேரம். பேங்க் ஹாலிடே நாம் வேலை செய்யும் நாளில் வந்தால் அதை இந்த 21-இலிருந்து கழிப்பார்கள். வராவிட்டால் கழிக்க மாட்டார்கள். பேங்க் ஹாலிடே பாதிக்குப் பாதி திங்கட்கிழமையில் வருவதால், திங்கள் வேலை செய்பவருக்கும் செய்யாதவருக்கும் கையில் மிஞ்சும் விடுப்பு மாறும், ஆனால் மொத்தம் ஒன்றுதான். "நீங்கள் திங்கட்கிழமை வராதவர், உங்களுக்கு பேங்க் ஹாலிடே கிடையாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. அமைதியாக ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக. அடிப்படைச் சம்பளம் விகிதத்துக்கு ஏற்பக் குறையும். இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 ஒப்பந்தத்தின்படி பகுதி நேரப் பயிற்சியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு தனிப்படி உண்டு. அது பே ஸ்லிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 அக்டோபரிலிருந்து ஓய்வூதியப் பங்கின் விகிதத்தை நாம் உண்மையில் வாங்கும் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள், முழுநேரச் சம்பளத்தை வைத்து அல்ல. ஒரு மருத்துவமனையில் எனக்கு முதல் மாதச் சம்பளத்தை முழுநேரக் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு ஒரே மாதத்தில் திரும்பப் பிடித்தார்கள். அந்த மாதம் நர்சரிக் கட்டணம் கட்டத் திண்டாடினோம். கூடுதலாக வந்தாலும் குறைவாக வந்தாலும் அன்றே எழுதிக் கேளுங்கள், பிடிப்பதானால் தவணையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மருத்துவர்களுக்குத் தொழில்முறைச் சட்டப் பாதுகாப்புத் தரும் சங்கத்துக்கும் வேலை நேரம் குறைந்ததைத் தெரிவியுங்கள், சந்தா குறையலாம்.

விசாவில் இருப்பவர்கள் மணி நேரத்தைக் குறைக்கும் முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சம்பளம் குறையும்போது அது விசாவுக்கான குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போய்விடக் கூடாது. அந்தத் தொகை அடிக்கடி மாறுவது. ஸ்பான்சரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே படிவத்தை அனுப்புங்கள்.

ஜிபி பயிற்சியின் ஒரு பகுதியான மருத்துவமனைப் பணிக்காலம்தான் எல்லாவற்றிலும் கடினம். அங்கே ரோட்டா (யாருக்கு எந்த நாள், எந்த ஷிப்ட் என்ற பட்டியல்) முழுநேர ஆள்களை மனதில் வைத்துப் போடப்படுவது. ஆன் கால், இரவு, வார இறுதி எல்லாமே 60 சதவீதம்தான் நம் பங்கு. ஆனால் ரோட்டாவில் அது தானாக அப்படி வராது. ஒருமுறை நான் வேலை செய்யாத நாள்களில் மூன்று இரவுகளைப் போட்டிருந்தார்கள். அந்த வாரத்தின் பகல் வேலையும் அப்படியே இருந்தது. ஒப்பந்தத்தின்படி பணி அட்டவணை 8 வாரத்துக்கு முன்பும், ரோட்டா 6 வாரத்துக்கு முன்பும் கைக்கு வர வேண்டும். வந்த அன்றே எண்ணிப் பாருங்கள்: முழுநேர ஆளுக்கு எத்தனை இரவு, எனக்கு எத்தனை. வித்தியாசம் இருந்தால் ஒரு சின்ன அட்டவணையாக மின்னஞ்சலில் போடுங்கள். வாதத்தைவிட அட்டவணைக்குச் சீக்கிரம் பதில் வரும். வரவில்லையென்றால் பணிநேரப் பாதுகாவலர் என்ற பொறுப்பில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகலாம்.

போர்ட்ஃபோலியோ என்னும் பயிற்சிப் பதிவேடும் தேர்வும். முழுநேர டிரெயினி ஓர் ஆண்டில் 36 நோயாளிக் குறிப்புகள் எழுத வேண்டும் என்றால் 60 சதவீதத்தில் காலண்டர் ஆண்டுக்கு 22 போதும். எண்ணிக்கை விகிதத்துக்கு ஏற்பக் குறையும், ஆனால் ஏஆர்சிபி என்னும் பயிற்சி முன்னேற்ற மதிப்பாய்வு குறையாது. காலண்டர் ஆண்டுக்கு ஒன்றாவது நடக்கும். 5 ஆண்டுப் பயிற்சி என்றால் குறைந்தது 5 முறை. சூப்பர்வைசரின் அரையாண்டு மதிப்பீடும் அப்படியே. வெகுநாள் பயிற்சியில் இருப்பவருக்குச் சோர்வு தருவது நோயாளிகள் அல்ல, இந்தப் படிவங்கள்தான். வேலை நாளில், கல்வி செஷனுக்குள் எழுதி முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஏகேடி எழுத்துத் தேர்வை எஸ்டி2 முதல் எழுதலாம். நோயாளியோடு பேசும் திறனைச் சோதிக்கும் எஸ்சிஏ தேர்வு எஸ்டி3-இல்தான்: 12 நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் 12 நிமிடம். 20 மாதம் இருக்கிறதே என்று எஸ்சிஏவைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பாதி தாண்டியதும் எழுதுவது நல்லது. தேறாவிட்டால் பதற்றமில்லாமல் மறுபடி எழுத இடம் இருக்கும். தேறிவிட்டால் மீதி மாதங்களைத் தேர்வுக்கு வராத விஷயங்களுக்கு ஒதுக்கலாம். நான் அதில் முதியோர் இல்ல விசிட், வாழ்வின் இறுதிக்கால மருந்துகள், பிராக்டிஸின் வரவு செலவு மூன்றையும் கேட்டு வாங்கிக் கற்றேன். சந்திப்பு நேரத்தை 30 நிமிடத்திலிருந்து 20, 15 என்று குறைப்பதையும் காலண்டரை வைத்து முடிவு செய்ய விடாதீர்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது என்பார்கள். நமக்கு அது முழுநேரக் கணக்கில் நான்கு மாதத்துக்கும் குறைவு.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் அத்தை ஒவ்வொரு முறை போனிலும், "இன்னுமா படிச்சு முடிக்கல?" என்பார். தகுதி பெற்ற மருத்துவராக நான் தினமும் நோயாளிகளைப் பார்க்கிறேன், சம்பளம் வாங்குகிறேன், இது மேல்பயிற்சி என்று பொறுமையாகச் சொன்னேன். வேலையிடத்தில் "இன்றும் லீவா?" என்று கேட்பவர்களிடமும் அதே பொறுமைதான். லீவு இல்லை, என் வேலை நாள் இல்லை. இதை இளையவர்கள் கூசாமல் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழந்தைக்காகவோ, பெற்றோரின் நோய்க்காகவோ, தன் உடல்நலத்துக்காகவோ, வேறு நியாயமான காரணத்துக்காகவோ யாரும் விண்ணப்பிக்கலாம். ஆண்களும்தான்.

விண்ணப்பிப்பதற்கு 16 வார முன்னறிவிப்பு வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் மாற வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவுக்குள்ளும், பிப்ரவரி தொடக்கத்தில் என்றால் அக்டோபர் நடுவுக்குள்ளும் படிவம் போய்ச் சேர வேண்டும். சாதாரணமாக 50 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், அதிகபட்சம் 12 மாதத்துக்கு, 20 சதவீதம் வரை மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஜிஎம்சி அனுமதிக்கிறது. சதவீதம் மாறும் ஒவ்வொரு முறையும் பயிற்சி முடியும் தேதி மாறும். ஓர் ஆண்டில் வேலை செய்ய வேண்டிய நாள்களில் 14-க்கு மேல் நோய் விடுப்போ வேறு விடுப்போ போனாலும் அந்தத் தேதியை மறுபடி பார்ப்பார்கள். ஆண்டு விடுப்பு இதில் சேராது. அதனால் ஒவ்வொரு ஏஆர்சிபி முடிந்ததும் சிசிடி (பயிற்சி நிறைவுச் சான்றிதழ்) தேதியை எழுத்தில் கேட்டு வாங்கி, நீங்களும் தனியாக ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்தில் வேலை தேடும்போது, சேரும் தேதியை அந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.